விலையை யார் கொடுக்கிறார்கள்? ஆன்டிகனி நாடகத்தின் பாத்திரங்களை ஆழமாக வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆன்டிகனி நாடகத்தை வாசித்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பாதிப் பேர், ஆன்டிகனி நேர்மையானவள், மன்னன் கிரியோன் கொடுங்கோலன் என்று முடித்துவிடுவார்கள். மீதிப் பேர், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பார்கள். முதல் பதிலில் மனப்போராட்டத்துக்கு இடமே இல்லை. இரண்டாவதில் பாத்திரங்கள் இரண்டு கொள்கைகளாகச் சுருங்கி, ரத்தமும் சதையுமான மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். இதை எழுதிய பண்டைய கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸின் வரிகளை நிதானமாகப் பின்தொடர்ந்தால், இந்த நாடகத்தில் தடுமாறாதவர் என்று ஏறக்குறைய யாருமே இல்லை. யார் எங்கே தடுமாறுகிறார்கள், தடுமாறிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அவரவர் நேர்மை தெரிகிறது.

அதைக் கண்டுபிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். கட்டுரை எழுதப் போகிறவர், மேடையில் நடிக்கப் போகிறவர், ஆசைக்கு வாசிப்பவர் என யாருக்கும் இது உதவும். என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். ஒருவர் எடுத்த முடிவுக்கு விலை கேட்கப்படும்போது, அதைத் தானே கொடுக்கிறாரா, இன்னொருவர் தலையில் கட்டுகிறாரா? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால், கொள்கை சரியா தவறா என்ற முடிவில்லாத விவாதத்தில் மாட்டிக்கொள்ளாமல் பாத்திரத்துக்குள் போய்விடலாம்.

கதை சுருக்கமாக. தீப்ஸ் நகரத்தின் மன்னனாக இருந்த ஈடிபஸின் இரண்டு மகன்களும் அரியணைக்காக மோதி, ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். ஊரைக் காத்து நின்றவன் ஈடியோக்ளீஸ். வேற்றூர்ப் படையைக் கூட்டிவந்து சொந்த ஊரைத் தாக்கியவன் பாலினைசீஸ். ஆட்சி அவர்களுடைய தாய்மாமன் கிரியோன் கைக்கு வருகிறது. ஈடியோக்ளீஸை முழு மரியாதையோடு அடக்கம் செய்யச் சொல்கிறான். பாலினைசீஸை யாரும் புதைக்கவோ அவனுக்காக அழவோ கூடாது, மீறினால் கல்லெறிந்து கொல்லப்படுவார்கள் என்று அறிவிக்கிறான். உடன்பிறந்தவள் ஆன்டிகனி மீறுகிறாள், பிடிபடுகிறாள். அவள் கிரியோனின் மகன் ஹேமோனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். குகையில் உயிரோடு அடைக்கப்பட்ட அவள் தூக்கிட்டுக்கொள்கிறாள். ஹேமோன் அவள் பக்கத்திலேயே வாளால் தன்னைக் குத்திக்கொள்கிறான். சேதி கேட்ட அவன் தாய் யூரிடிசியும் உயிரை விடுகிறாள்.

படி 1: முதல் பார்வையாளர்களோடு போய் உட்காருங்கள்

நாடகம் கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியது என்பது பொதுவான கணிப்பு. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் திறந்தவெளி அரங்கு, பகல் வெளிச்சம், முகமூடி அணிந்த நடிகர்கள். மூன்றே நடிகர்கள் எல்லாப் பாத்திரங்களையும் பங்கிட்டு நடித்தார்கள். கோரஸ் என்ற குழு தனி. இங்கே அது தீப்ஸ் நகரத்துப் பெரியவர்களின் குழு.

முகமூடி இருந்ததை மறக்காதீர்கள். கண் கலங்குவதும் உதடு துடிப்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் மனப்போராட்டம் முழுவதையும் ஆசிரியர் வேறு இடங்களில் வைத்தாக வேண்டும். முன்பு சொன்னதும் பின்பு சொல்வதும் எங்கே முரண்படுகின்றன, எந்தச் செயல் முதலில் நடக்கிறது எது பின்னால் நடக்கிறது, யார் பேசாமலே வெளியேறுகிறார்கள் என்று தேடுங்கள். இன்றைய நாவலைப் போல மனதுக்குள் ஓடுவதையெல்லாம் சொல்லிவிடும் பழக்கம் இந்த நாடகத்துக்கு இல்லை.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். நாட்டுக்குத் துரோகம் செய்தவனை ஏதென்ஸ் ஆண்ட அட்டிகா பகுதியின் மண்ணில் புதைக்கக் கூடாது என்று ஏதென்ஸிலேயே சட்டம் இருந்தது. ஆகவே கிரியோனின் ஆணையை முதலில் கேட்ட பார்வையாளருக்கு அது ஒரு பைத்தியக்காரனின் உளறலாகப் பட்டிருக்காது. கொஞ்சம் கடுமை என்றுதான் தோன்றியிருக்கும். எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கக்கூட விடாமல், நாய்க்கும் பறவைக்கும் போடுகிறானே என்ற உறுத்தல் மெல்ல மெல்லத்தான் வளரும். கிரியோனை வில்லனாக்கிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தால் இந்த வளர்ச்சியே கண்ணில் படாது.

படி 2: ஒவ்வொருவரும் கொடுக்கும் முதல் வாக்கை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் பாத்திரங்களின் பெயரை எழுதி, அவர்கள் முதல் தடவை வாயைத் திறக்கும்போது என்ன சத்தியம் செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தச் சொற்களில், ஒரே வாக்கியத்தில்.

கிரியோனின் முதல் பேச்சு உண்மையிலேயே நல்ல பேச்சு. ஆட்சிப் பொறுப்பில் வைத்துப் பார்க்கும்வரை ஒருவன் மனதை யாரும் அறிய முடியாது என்கிறான். நல்ல ஆலோசனையைக் கேட்காமல், அச்சத்தால் வாயைப் பூட்டிக்கொள்ளும் ஆட்சியாளன் மிக மோசமானவன் என்கிறான். நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை நான் மதிப்பதே இல்லை என்கிறான். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 343இல், புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் தன் எதிரி ஈஸ்கினீஸைத் தாக்கியபோது இதே வரிகளைத்தான் வாசித்துக் காட்டினார். ஈஸ்கினீஸ் அரசியலுக்கு வரும் முன் நடிகராக இருந்தவர், கிரியோனாக நடித்தவர். மேடையில் இதைச் சொன்னீரே, வாழ்க்கையில் செய்தீரா என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தப் பேச்சு ஒரு கொடுங்கோலனின் பேச்சாகக் கேட்டிருந்தால் நீதிமன்றத்தில் அதை அளவுகோலாக நீட்டியிருக்க முடியாது. கிரியோனை அளக்க வேண்டிய கோலை கிரியோனே நம் கையில் கொடுத்துவிட்டான்.

ஆன்டிகனியின் முதல் வாக்கு விடியும் முன், அரண்மனைக்கு வெளியே, சகோதரி இஸ்மீனிடம் சொல்லப்படுகிறது. நான் அவனைப் புதைப்பேன், அதற்காகச் செத்தாலும் அந்தச் சாவு நல்லதே. யாருக்கும் தெரியாமல் செய், நானும் வெளியே சொல்ல மாட்டேன் என்று இஸ்மீன் கெஞ்சுகிறாள். அதற்கு ஆன்டிகனி, வேண்டாம், எல்லோரிடமும் உரக்கச் சொல் என்கிறாள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிந்து செய்ய அவள் விரும்பவில்லை. செயலும் தன்னுடையது, பழியும் தன்னுடையது என்கிறாள்.

படி 3: சின்னப் பாத்திரத்தில் பழகுங்கள்

பெரிய பாத்திரங்களுக்குப் போகும் முன் காவலாளியிடம் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். பெரும்பாலோர் அவனைச் சிரிப்புக்காக வைத்த பாத்திரம் என்று கடந்துபோகிறார்கள். மனப்போராட்டத்தை இந்த நாடகத்தில் வெளிப்படையாகப் பேசுகிற முதல் ஆள் அவன்தான்.

பிணத்தின் மேல் யாரோ மண் தூவியிருக்கிறார்கள். அதை மன்னனிடம் யார் போய்ச் சொல்வது? காவலாளிகள் குலுக்கல் போடுகிறார்கள், சீட்டு இவன் பேரில் விழுகிறது. வந்து நின்றதும் சொல்கிறான்: மூச்சிரைக்க ஓடி வந்தேன் என்று சொல்ல மாட்டேன், வழியெல்லாம் நின்று நின்று, திரும்பித் திரும்பி வந்தேன். முட்டாளே, தண்டனை வாங்கப் போகிறாயா என்கிறது மனது. கொஞ்ச தூரம் போனதும், இப்படி நிற்கிறாயே, வேறு யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் உன் கதி என்ன என்கிறது அதே மனது. தனக்குள்ளேயே இரண்டு குரல். இப்படித்தான் குட்டிப் பாதையும் நீண்ட பயணமாகிவிட்டது என்கிறான்.

அடுத்த முறை ஆன்டிகனியைப் பிடித்துக்கொண்டு வரும்போது, தான் தப்பித்ததில் மகிழ்ச்சி, வேண்டியவர்களைத் துன்பத்தில் தள்ளுவது வேதனை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். உடனே, ஆனால் என் உயிரைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை என்கிறான். இதில் பொய் இல்லை. தன் பயத்துக்குத் தத்துவப் பெயர் எதையும் சூட்டவில்லை. ஆனால் நம் அளவுகோலை வைத்துப் பாருங்கள்: அவன் உயிருக்கு விலையை ஆன்டிகனி கொடுக்கிறாள். உண்மை பேசுவதும் நேர்மையாக இருப்பதும் எங்கே பிரிகின்றன என்பதை இவனை வைத்தே தெரிந்துகொள்ளலாம். இங்கே கண் பழகிவிட்டால், பெரிய மனிதர்களிடம் அதே பிரிவு எவ்வளவு நாசூக்காக மறைக்கப்படுகிறது என்பது தானாகப் புலப்படும்.

படி 4: இஸ்மீனைக் கோழை என்று ஒதுக்காதீர்கள்

முதல் காட்சியில் அவள் மறுக்கிறாள். நாம் பெண்கள், ஆண்களோடு மோத முடியாது, நம்மைவிட வலிமையானவர்கள் ஆள்கிறார்கள் என்கிறாள். கீழுலகில் இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன் என்றும் சொல்கிறாள். அதாவது செய்ய வேண்டியது எது என்று அவளுக்குத் தெரிகிறது. தெரிந்தும் செய்யவில்லை. ஆன்டிகனி பிடிபட்ட பிறகு ஓடிவந்து, நானும் சேர்ந்துதான் செய்தேன், இவள் சம்மதித்தால் அப்படிச் சொல்கிறேன் என்கிறாள். அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். சாகத் தயாராக இருப்பவள், பொய் சொல்வதற்கு மட்டும் சகோதரியிடம் அனுமதி கேட்கிறாள்.

ஆன்டிகனி அனுமதி தரவில்லை. நீ வாழ்வதைத் தேர்ந்தெடுத்தாய், நான் சாவதைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறாள். வாயால் மட்டும் நேசிப்பவளை நான் நேசிக்க மாட்டேன் என்று குத்துகிறாள். என்னை இப்படிப் புண்படுத்துவதில் உனக்கு என்ன லாபம் என்று இஸ்மீன் கேட்கும்போது, உன்னைக் கேலி செய்தால் எனக்கும் வலிக்கிறது என்கிறாள். உன்னைக் காப்பாற்றிக்கொள், நீ தப்பிப்பதில் எனக்குப் பொறாமை இல்லை என்றும் அதே காட்சியில் சொல்கிறாள். இங்கே இரண்டு ஆன்டிகனிகள் இருக்கிறார்கள். ஒருத்தி தன் செயலின் பெருமையைப் பங்குபோட மறுக்கிறாள். இன்னொருத்தி சகோதரியைச் சாவிலிருந்து தள்ளி நிறுத்துகிறாள். நடிப்பவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் காட்சி தட்டையாகிவிடும். என் கருத்து, இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, ஆன்டிகனிக்கே எது எவ்வளவு என்று தெரியாது. இந்தக் காட்சிக்குப் பிறகு இஸ்மீன் மேடைக்கே திரும்புவதில்லை. அரச குடும்பத்தில் மிஞ்சியவள் நான் ஒருத்திதான் என்று பின்னால் ஆன்டிகனி சொல்லும்போது, உயிரோடு இருக்கும் இஸ்மீன் அவள் கணக்கில் இல்லை.

படி 5: ஹேமோனின் பேச்சில் சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

ஹேமோன் நுழைந்ததும், அப்பா, நான் உங்களுடையவன் என்று தொடங்குகிறான். ஆன்டிகனியைக் காதலிக்கிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணுக்காக ஊரே இருட்டில் முணுமுணுக்கிறது, உங்கள் முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன் என்கிறான். வெள்ளத்துக்கு வளைந்துகொடுக்கும் மரம் கிளையைக் காப்பாற்றிக்கொள்ளும், விறைத்து நிற்கும் மரம் வேரோடு போகும் என்கிறான். எல்லாம் அப்பாவின் நன்மைக்கு. மகனாகப் பேசுகிறானா, காதலனாகப் பேசுகிறானா? இரண்டு பேரும் அவனுக்குள் இருக்கிறார்கள், மகனை மட்டும் பேச விடுகிறான். அவன் போன உடனே கோரஸ் காதலின் வெல்ல முடியாத சக்தியைப் பாடுகிறது. அவன் வாயில் வராததை ஆசிரியர் பாட்டில் வைத்துவிட்டார்.

பிறகு பேச்சு ஒற்றை வரி மோதலாகச் சுருங்குகிறது. ஒரு வரி அப்பா, ஒரு வரி மகன். நான் எப்படி ஆள வேண்டும் என்று ஊரா எனக்குச் சொல்வது என்கிறான் கிரியோன். ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்கிறான் மகன். நல்ல ஆலோசனையைக் கேட்காத ஆட்சியாளன் மோசமானவன் என்று நீங்கள் படி 2இல் எழுதிவைத்த வாக்கு இங்கேதான் உடைகிறது. அதைச் சொன்னவன் வாயாலேயே உடைகிறது.

அவள் செத்தால் இன்னொருவரையும் சாகடிப்பாள் என்று ஹேமோன் சொல்வதை, தன்னைக் கொல்வதாக மிரட்டுகிறான் என்று கிரியோன் எடுத்துக்கொள்கிறான். தன் சாவைத்தான் மகன் சொல்கிறான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. இந்த இடத்தை மெதுவாக வாசியுங்கள்.

படி 6: சத்தமில்லாமல் மாறும் தீர்ப்புகளைப் பிடியுங்கள்

இது கிரியோனுக்கான தனிப் பயிற்சி. வளையவே மாட்டான் என்று பெயர் வாங்கியவன் எத்தனை இடத்தில் வளைகிறான் என்று எண்ணுங்கள். இரண்டு சகோதரிகளும் சாக வேண்டும் என்கிறான். இரண்டு பேருமா என்று கோரஸ் ஒரு தடவை கேட்டதும், இல்லை, கைவைக்காதவள் வேண்டாம், நீங்கள் சொல்வது சரி என்று இஸ்மீனை விட்டுவிடுகிறான். ஊர் முன்னால் கல்லெறிந்து கொல்வது என்பது ஆணை. அதுவும் மாறிவிடுகிறது. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பாறைக் குகை, கொஞ்சம் உணவு, உயிரோடு அடைப்பு. உணவு எதற்கு? ரத்தப் பழி ஊரின் மேல் விழாமல் இருக்க. அவள் செத்தாலும் நான் கொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு சந்து.

ஊர் அவள் பக்கம் இருக்கிறது என்று மகன் சொன்ன சற்று நேரத்திலேயே, ஊரே கூடிச் செய்ய வேண்டிய தண்டனை யாருமில்லாத இடத்துக்குப் போய்விடுகிறது. பயந்துவிட்டேன் என்று கிரியோன் எங்கும் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு மாறிவிட்டது. முகமூடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆன்டிகனி எல்லோரிடமும் சொல் என்கிறாள், இவன் கண் மறைவாகச் செய் என்கிறான்.

படி 7: ஆன்டிகனியின் கடைசிப் பேச்சோடு மல்லுக்கட்டுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

கிரியோன் முன்னால் நின்றபோது அவள் பேச்சில் நடுக்கமே இல்லை. இந்த ஆணையைத் தெய்வங்களின் தலைவனான ஸீயஸ் பிறப்பிக்கவில்லை, எழுதப்படாத தெய்வச் சட்டங்களை ஒரு மனிதனின் அறிவிப்பு மீற முடியாது, நான் எப்படியும் ஒருநாள் சாகப்போகிறவள்தானே என்றாள். வெறுப்பில் சேர நான் பிறக்கவில்லை, அன்பில் சேரவே பிறந்தேன் என்றும் சொன்னாள். குகைக்கு நடத்திச் செல்லும்போது பேசுவது வேறொரு பெண் போல இருக்கும். கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, எனக்காக அழ யாரும் இல்லை என்று புலம்புகிறாள். கோரஸ் ஆறுதல் சொல்லப்போனால், என்னைக் கேலி செய்கிறீர்களா என்று சீறுகிறாள்.

அப்புறம் அந்த விசித்திரமான வாதம் வருகிறது. இறந்தவன் என் கணவனாகவோ பிள்ளையாகவோ இருந்திருந்தால் ஊரை எதிர்த்து இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் இன்னொரு கணவன் வரலாம், பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை பிறக்கலாம், தாயும் தகப்பனும் இறந்த பிறகு இன்னொரு சகோதரன் பிறக்கவே முடியாது என்கிறாள். ஹெரடோட்டஸின் வரலாற்று நூலிலும் பாரசீக மன்னன் முன் ஒரு பெண் இதே வாதத்தைச் சொல்வாள். அங்கே உயிரோடு இருக்கும் சகோதரனைக் காப்பாற்றுவதற்கு அது பொருந்தும். ஆன்டிகனியின் சகோதரன் இறந்துவிட்டானே! எல்லா இறந்தவர்களுக்கும் உரிய தெய்வச் சட்டம் என்று பேசியவள், இப்போது சகோதரனுக்கு மட்டும் என்கிறாள். ஜெர்மானியக் கவிஞர் கதேவுக்கு இது தாங்கவில்லை. யாராவது ஓர் அறிஞர் இந்த வரிகள் இடைச்செருகல் என்று நிரூபித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று 1827இல் தன் உதவியாளர் எக்கர்மனிடம் சொன்னார். ஆனால் அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலில் இந்த வரிகளை எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர் காலத்திலேயே இவை நாடகத்தில் இருந்தன.

இந்த வரிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வாதமாகப் பார்த்தால் ஓட்டை இருக்கிறது, உண்மைதான். சாகப்போகும் ஓர் இளம்பெண் பேசுவதாகப் பாருங்கள். அவள் கோட்பாட்டை நிலைநாட்டிக்கொண்டிருக்கவில்லை. ஏன் செய்தேன் என்று தனக்குத்தானே கடைசி முறையாகச் சொல்லிப் பார்க்கிறாள். தெய்வச் சட்டம் என்ற பெரிய பதில் இப்போது கையில் நிற்கவில்லை. தெய்வங்களை இனி ஏன் நான் பார்க்க வேண்டும், பக்தியோடு நடந்ததற்குப் பக்தியற்றவள் என்ற பெயர்தானே கிடைத்தது என்று அவளே கேட்கிறாள். தெய்வங்களுக்கு இதுதான் சரி என்றால், நான் தவறு செய்தேன் என்று துன்பப்பட்டுத் தெரிந்துகொள்கிறேன் என்றும் சொல்கிறாள். நம்பிக்கை ஆடிவிட்டது. செய்த காரியத்தை மட்டும் அவள் திரும்பப் பெறவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, இஸ்மீனை இழுக்கவில்லை, நான் செய்யவில்லை என்று சொல்லவில்லை.

என் கணிப்பில் அவளுடைய நேர்மையின் உச்சம் கிரியோனை எதிர்த்துப் பேசும் இடமல்ல, இந்த இடம். காரணங்கள் எல்லாம் நழுவிய பிறகும் செயலுக்குரிய விலையைத் தானே கொடுக்கிறாள். நடிப்பவர்கள் இந்தப் பேச்சை வீர உரையாக முழங்கினால் எல்லாம் வீணாகிவிடும். ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து, அது போதவில்லை என்று கண்டு, அடுத்ததை எடுப்பவளாகச் சொல்லிப் பாருங்கள்.

படி 8: கிரியோனின் திருப்பத்தில் எது முதலில் நடக்கிறது என்று பாருங்கள்

பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் வருகிறார். பலிகள் எரியவில்லை, பறவைகளும் நாய்களும் பிணத்தின் துண்டுகளைக் கொண்டுவந்து பலிபீடங்களை அசுத்தமாக்குகின்றன, இறந்தவனை மறுபடியும் கொல்வது என்ன வீரம் என்கிறார். தவறு செய்வது எல்லோருக்கும் உள்ளது, செய்ததைச் சரிசெய்பவன் அறிவிழந்தவன் இல்லை என்று ஒரு கதவையும் திறந்துவைக்கிறார். கிரியோன் அவரையும் காசு வாங்கியவர் என்கிறான். காவலாளியையும் முன்பு அப்படித்தான் சொன்னான். தனக்குப் பிடிக்காததை யார் சொன்னாலும் பணம் வாங்கிவிட்டார்கள் என்பதே அவனுக்குத் தெரிந்த ஒரே விளக்கம். உன் ரத்தத்தில் பிறந்த ஓர் உயிரைப் பதிலுக்குக் கொடுப்பாய் என்று சொல்லிவிட்டு டைரீசியஸ் போய்விடுகிறார்.

அப்போதுதான் கிரியோன் முதல் தடவையாகத் தன் மனதைத் திறக்கிறான். எனக்கும் தெரிகிறது, மனம் கலங்கிவிட்டது, விட்டுக்கொடுப்பது கொடுமை, எதிர்த்து நின்று அழிவதும் கொடுமை. என்ன செய்யட்டும், சொல்லுங்கள், கேட்கிறேன் என்கிறான். கோரஸ் சொல்லும் வரிசை இது: முதலில் போய்ப் பெண்ணை விடுவி, பிறகு கிடப்பவனுக்குக் கல்லறை எழுப்பு. மற்றவர்களை அனுப்பாதே, நீயே போ, சீக்கிரம் போ.

தூதுவன் வந்து சொல்லும்போது வரிசை மாறிவிட்டது. முதலில் பாலினைசீஸின் கிழிந்துபோன உடலைக் கழுவியிருக்கிறார்கள், புதிதாக ஒடித்த கிளைகளால் எரித்திருக்கிறார்கள், சொந்த மண்ணால் உயரமான மேடு எழுப்பியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் குகைக்குப் போயிருக்கிறார்கள். அதற்குள் அவள் துணியைக் கயிறாக்கித் தொங்கிவிட்டாள்.

ஏன் மாற்றினான்? நாடகம் பதில் சொல்லவில்லை, ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது இது. டைரீசியஸ் சொன்னதில் அவனை உலுக்கியது தெய்வக் குற்றமும் ஊருக்கு வந்த தீட்டும். ஆட்சியாளனாகத் திருத்திக்கொள்ள வேண்டியதை முதலில் திருத்துகிறான். உயிரோடு இருக்கும் பெண், மகன் கட்டிக்கொள்ளப் போகிறவள், அப்போதும் அவன் மனதில் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறாள். முழு மனதோடு திருந்தியவனின் கால்கள்கூடப் பழைய வழியிலேயே போகின்றன. உங்களுக்கு வேறு விளக்கம் தோன்றலாம், அதற்கான ஆதாரத்தை வரிகளில் காட்டுங்கள்.

குகையில் நடப்பதை அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் தனியாகக் குறிப்பிடுகிறார். தெரிந்தே கொல்லத் துணிந்து, செய்யாமல் நின்றுபோவது நாடகத்துக்கு ஒவ்வாத முறை என்று சொல்லி, அரிதான உதாரணமாக ஹேமோனையும் கிரியோனையும் காட்டுகிறார். ஹேமோன் அப்பாவின் முகத்தில் உமிழ்கிறான், வாளை வீசுகிறான், தவறிவிடுகிறது, அதே கோபத்தைத் தன்மேல் திருப்பிக் குத்திக்கொள்கிறான். அரிஸ்டாட்டிலோடு இங்கே நான் உடன்படவில்லை. முதல் காட்சியில் மகனாக மட்டும் பேசியவனுக்குள் அடக்கப்பட்ட எல்லாம் அந்த ஒரு வீச்சில் வெளிவருகிறது. மகன் மறுபடி மேலே வந்ததும் வாள் தன்மேல் பாய்கிறது.

யூரிடிசியைப் பற்றி ஒன்றே ஒன்று: சேதியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே போகிறாள். அந்த மௌனம் தன்னை அச்சுறுத்துகிறது என்று கோரஸ் சொல்கிறது.

மகனின் உடலோடு திரும்பும் கிரியோனிடம் நம் அளவுகோலைக் கடைசியாக வைத்துப் பாருங்கள். அதுவரை காவலாளி, தீர்க்கதரிசி, மருமகள், மகன் என்று எல்லோரையும் குற்றம் சொன்னவன், இந்தப் பழி வேறு எந்த மனிதனுக்கும் பொருந்தாது, நான்தான் கொன்றேன் என்கிறான். குகையில் கொஞ்சம் உணவு வைத்துத் தேடிக்கொண்ட தப்பிக்கும் வழியை அவனே அடைத்துவிடுகிறான். சாவைக் கேட்கிறான், அது அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. விலையை மற்றவர்கள் கொடுத்து முடித்த பிறகு வந்த நேர்மை இது. தாமதமானது என்பதற்காக அது பொய்யாகிவிடாது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

படி 9: எழுத உட்காரும்போது

வரைவை முடித்ததும், நேர்மையான, கொடூரமான, பிடிவாதமான போன்ற அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டு, அந்த இடத்தில் பாத்திரம் என்ன செய்தது என்று எழுதுங்கள். செயல் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லை. பிறகு உங்களுக்குப் பிடிக்காத பாத்திரத்தின் பக்கம் நின்று ஒரு பத்தி எழுதுங்கள். ஆன்டிகனியை நேசிப்பவர்கள், இஸ்மீனை அவள் நடத்திய விதத்தைப் பேச வேண்டும். கிரியோனை வெறுப்பவர்கள் அவனுடைய முதல் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள் முடிந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல பதிப்புகளில் மூல கிரேக்கத்தின் வரி எண்கள் ஓரத்தில் இருக்கும். மொத்தம் 1353 வரிகள். ஆன்டிகனியின் கடைசிப் பேச்சு 891ஆவது வரியில் தொடங்குகிறது, கிரியோன் மனம் கலங்கிவிட்டது என்று சொல்வது 1095ஐ ஒட்டி. இரண்டு மொழிபெயர்ப்பிலும் இந்த இரண்டு இடங்களையும் சத்தமாக வாசித்து, எந்தப் பாத்திரம் எந்த வரியில் நிற்கத் தயங்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.